கேட்டில் விழுந்த பள்ளமும் ஒரு டர்போ டைமரும்

எங்கள் வீட்டு இரும்பு கேட்டில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2018இல் விழுந்தது. பெயின்ட் அடிக்க ஆள் வரும்போதெல்லாம் அதைத் தட்டி நிமிர்த்திவிடலாம் என்பேன். அப்பா விடமாட்டார். "இருக்கட்டும், உன் மிஷின் செஞ்ச வேலை" என்பார். மிஷின் என்று அவர் சொல்வது டர்போ டைமரை.

அதற்கு முந்தின வருடம்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபியட் லீனியா டி-ஜெட் வாங்கியிருந்தேன். 1.4 லிட்டர் பெட்ரோல் டர்போ, 114 பிஎஸ். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 2,000ஐத் தாண்டியதும் முதுகை சீட்டோடு அழுத்தும் அந்த இழுவைக்காகவே அவிநாசி ரோட்டில் காரணமில்லாமல் சுற்றிய நாட்கள் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்த்த நண்பன் லீவில் வந்தபோது, தன் பழைய காரிலிருந்து கழற்றிய டைமர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடலாம். இன்ஜின் மட்டும் குறித்த நேரம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காத மெதுவான ஓட்டத்தில், ஓடிவிட்டுத் தானாக அணையும். திரையில் 2:00, 1:59, 1:58 என்று நீல எழுத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். உண்மையைச் சொன்னால் அந்த நீல எழுத்துக்காகத்தான் மாட்டினேன்.

முதல் வாரம் ஆபீஸ் பார்க்கிங்கில் வாட்ச்மேன் பின்னாலேயே ஓடிவந்தார். "ஏனுங்க தம்பி, வண்டி ஓடிட்டே இருக்குதுங்க!" நான் சாவியைத் தூக்கிக் காட்டினேன். அவர் வண்டியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இந்த டப்பா எதற்கு? டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு சக்கரம். எக்ஸாஸ்ட் புகை ஒன்றைச் சுழற்றும், அதுதான் டர்பைன்; மற்றது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேல் போகும். அந்த வேகத்தில் தண்டு பேரிங்கைத் தொடுவதே இல்லை, ஆயில் படலத்தில் மிதக்கிறது. பெட்ரோல் வண்டியை விரட்டினால் டர்பைனுக்கு வரும் புகையின் சூடு 900 டிகிரியைக்கூடத் தாண்டும். ஆயில் ஓடிக்கொண்டே இருப்பதால் பேரிங் தப்பிக்கிறது. இன்ஜினை அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும். டர்பைனைச் சுற்றிய கூட்டில் தேங்கிய சூடு தண்டு வழியாக நடுவில் இருக்கும் பேரிங் பக்கம் நகரும். அங்கே நின்றுபோன ஆயில் கரியும். தோசைக்கல்லில் வரிசையாகத் தோசை ஊற்றும்வரை ஒன்றும் ஆகாது. எண்ணெய் தடவிவிட்டு மாவு ஊற்றாமல் அடுப்பில் விட்டுப் பாருங்கள், கறுத்துப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதே கதைதான். அந்தக் கரி ஆயில் போகும் சின்னத் துளைகளை அடைக்கும். அப்புறம் ஒருநாள் வண்டி நீலப் புகை விட்டுக்கொண்டு வரும்.

ஆக, பயம் பொய்யில்லை. அந்தப் பயத்துக்கு இந்த டப்பாதான் மருந்தா என்பதுதான் என் கேள்வி.

எனக்கு இந்த விஷயத்தை முதலில் சொல்லிக்கொடுத்தவர் என் சங்ககிரி மாமா. லாரி டிரைவர். டர்போ, டைமர் என்றெல்லாம் அவர் பேசிக் கேட்டதில்லை. பள்ளிக்கூட லீவில் ஒருமுறை அவரோடு லாரியில் போயிருக்கிறேன். தாபாவில் ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக் போட்டதும் இன்ஜினை அணைக்க மாட்டார். கிளீனர் வீல் ஸ்பேனரோடு இறங்குவார். பத்து டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார். காற்று இறங்கிய டயர் தட்டினால் பொத்தென்று சத்தம் கொடுக்கும், நல்ல டயர் கணீரென்று. பத்தும் முடிந்து கிளீனர் கை காட்டிய பிறகுதான் மாமா இன்ஜினை நிறுத்துவார். ஏன் என்று கேட்டதற்கு, "ஓடி வந்த மாட்டை உடனே கட்டுவாங்களா மாப்ள?" என்றார். அந்த வேலைக்கு இரண்டு நிமிடம் ஆகும். என் டைமரில் நான் வைத்த நேரமும் இரண்டு நிமிடம்.

டைமர் மாட்டிய புதிதில், தெரிந்த மெக்கானிக்கிடம் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வால்பாறை ரோட்டுக்குப் போனேன். ஆழியாறிலிருந்து ஏறும் அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வ்யூ பாயிண்ட். எல்லோரும் நிறுத்துவது அங்கேதான். மூன்று வாரம், மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று விதமாக நிறுத்திப் பார்த்தேன். முதல் தடவை, கீழிருந்து இரண்டாவது மூன்றாவது கியரிலேயே விரட்டி வந்து, நின்ற உடனே அணைத்தேன். பானெட்டைத் திறந்து டர்போவின் நடுப்பகுதியில் வெப்பமானியைக் காட்டினால், அணைத்த பிறகு சில நிமிடங்களுக்குச் சூடு குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கக் கொஞ்சம் திகிலாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை அதே விரட்டல், ஆனால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தேன். ஏற்றம் வெகுவாகக் குறைந்தது. மூன்றாம் தடவை கடைசி இரண்டு வளைவுகளை ஆக்ஸிலரேட்டரைப் பூப்போல மிதித்து, பஸ்ஸுக்குப் பின்னால் வருவதுபோல ஊர்ந்து வந்து, நின்றதும் அணைத்துவிட்டேன். இரண்டாம் தடவைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பளபளப்பான உலோகத்தில் அந்த வெப்பமானி காட்டும் எண்ணை நம்ப முடியாது, அதனால் எண்களை எழுதவில்லை. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும் நம்பலாம்.

அன்றைக்கே டைமரைக் கழற்றியிருக்க வேண்டும். நீல எழுத்து விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். எங்கள் வீடு சிங்காநல்லூரில் ஒரு சந்துக்குள். மெயின் ரோட்டை விட்டுத் திரும்பினால் நான்கு வேகத்தடை, நடுத்தெருவில் படுத்துக்கொண்டு எழுந்திருக்காத ஒரு செவலை நாய், மாலையானால் கிரிக்கெட். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் வண்டி ஐந்து நிமிடம் 15 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டிருக்கும். டர்போ அதற்குள் எப்போதோ ஆறியிருக்கும். அதற்குமேல் வாசலில் இரண்டு நிமிடம் பெட்ரோலை எரித்து, போர்ட்டிகோவில் அம்மா காயப்போட்ட வடகத்துக்குப் புகை காட்டுவதில் யாருக்கு லாபம்? டொயோட்டா தன் பழைய டர்போ வண்டிகள் சிலவற்றின் கையேட்டில் ஒரு சின்ன அட்டவணை போட்டிருந்தது. ஊருக்குள் சாதாரணமாக ஓட்டினால் காத்திருக்கவே வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 20 விநாடி. 100 என்றால் ஒரு நிமிடம். செங்குத்தான மலையேற்றம், ரேஸ் டிராக் என்றால் இரண்டு நிமிடம். எல்லா நாளும் எல்லா நேரமும் இரண்டு நிமிடம் என்று வண்டி செய்தவர்களே சொல்லவில்லை.

இன்னொன்று, டைமர் பிரபலமான காலத்து டர்போ வேறு, இப்போதைய டர்போ வேறு. அப்போது பலவற்றுக்கு ஆயில் மட்டும்தான் குளிர்ச்சி, அதுவும் மினரல் ஆயில். இன்றைய பெட்ரோல் டர்போக்களில் பேரிங்கைச் சுற்றி, இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட்டும் ஓடுகிறது. இன்ஜின் நின்றாலும் சூடான தண்ணீர் மேலே ஏற, ஆறிய தண்ணீர் கீழிருந்து வர, பம்ப் இல்லாமலேயே ஒரு சுற்று நடக்கும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் கூலன்ட் தொட்டியையே டர்போவுக்கு மேலே உயரத்தில் வைத்தது இந்த இயற்கைக்கு வழிவிடத்தான். ஃபோக்ஸ்வேகனின் டிஎஸ்ஐ என்ற பெட்ரோல் டர்போ வண்டிகளில் தனியாக ஒரு மின்சார பம்ப் இருக்கிறது. தேவைப்பட்டால் சாவியை எடுத்த பிறகும் டர்போவுக்குத் தண்ணீரை ஓட்டும். பக்கத்து வீட்டு அண்ணன் புது வண்டி வாங்கிய வாரம், அணைத்த வண்டிக்குள் ஏதோ முனகுகிறது என்று பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். இப்போதெல்லாம் டர்போ வண்டிகளே சிக்னலில் தானாக அணைந்து, கிளட்ச் மிதித்ததும் தானாக உயிர்பெறுகின்றன. சிக்னலுக்குச் சிக்னல் டர்போ கரிந்துபோகும் என்றால் எந்தக் கம்பெனி அதற்குத் துணியும்?

டீசலில் கவலை இன்னும் குறைவு. டீசலின் எக்ஸாஸ்ட் சூடு பெட்ரோலைவிடக் குறைச்சல், ஐடிலில் வெகு சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் பல சின்ன டீசல் டர்போக்களுக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது, ஆயில் மட்டும்தான். ஹைவேயில் பறந்து வந்து டோல்கேட் தாண்டியதும் டீக்கடையில் நிறுத்துகிறவர்கள் அரை நிமிடம் உட்கார்ந்துவிட்டு அணைப்பது நல்லது.

இனி கேட் கதை. எங்கள் வாசல் தெருவை நோக்கிச் சரிவு. வண்டியை ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு கேட்டைப் பார்க்க நிறுத்துவோம். சரிவில் நிறுத்தினால் அப்பா கியரில் போட்டுத்தான் விடுவார். அம்பாசிடர் காலத்துப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. டைமர் வைத்த வண்டியில் அது முடியாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படி கியரில் விடுவது? நியூட்ரலில், வெறும் ஹேண்ட்பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். இதை நான் அப்பாவிடம் சொல்லவே இல்லை. அவர் ஒருநாள் மார்க்கெட் போய் வந்து நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை அரைகுறையாக இழுத்தார், சாவியை எடுத்தார், முதல் கியர் போட்டார், கிளட்சிலிருந்து காலை எடுத்தார். பாட்டுச் சத்தத்தில் இன்ஜின் ஓடுவது அவர் காதில் விழவில்லை. வண்டி ஒரு குதி குதித்து கேட்டில் மோதி நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் சாவியை வைத்துக்கொண்டு, "சாவி எங்கிட்ட இருக்குது, வண்டி எப்பிடிடா போகும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பம்பரைச் சரிசெய்யும்போது ஸ்டியரிங்குக்குக் கீழே பிரித்துப் பார்த்தோம். டைமரில் ஹேண்ட்பிரேக்குக்கு என்றே ஒரு வயர் உண்டு. பிரேக் இறங்கினால் உடனே இன்ஜினை நிறுத்திவிடும். திருட்டுக்கும் அதுதான் காவல். மாட்டிக்கொடுத்தவர் அந்த வயரை எதிலும் சேர்க்காமல் சுருட்டி டேப் ஒட்டி வைத்திருந்தார். இக்னிஷனின் தடித்த வயர்களை நடுவில் சுரண்டி, முறுக்கி, மேலே கறுப்பு டேப். ஜப்பான் வண்டிகளுக்குச் சொருகினால் போதும் என்று தயாராக வயரிங் கிடைக்கும். என் வண்டிக்கு அப்படி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் அவர் அறுத்தார். காரிலேயே அதிகக் கரண்ட் ஓடும் வயர்களில் சில அவை. டர்போவைக் காப்பாற்றப் போய் வண்டியையே கொளுத்தியிருப்பேன்.

அன்று மாலையே கழற்றினோம். டைமருக்கும் மாட்டும் கூலிக்கும் சேர்த்து எனக்கு 6,500 ரூபாய் ஆகியிருந்தது. நண்பன் நட்புக்காக ஒன்றும் குறைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தில் இரண்டு தடவை நல்ல சிந்தடிக் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருக்கலாம். கையேடு சொல்லும் கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றுவது இப்போது என் வழக்கம். கரியாவது ஆயில்தானே, காசை அங்கே போடுவதுதான் நியாயம்.

யாருக்காவது டைமர் தேவைப்படுமா? தண்ணீர்க் குழாய் இல்லாத பழைய டர்போவை வைத்துக்கொண்டு, தினமும் விரட்டி வந்து, இறங்கி ஓடியே தீர வேண்டிய ஆள் யாராவது இருந்தால் அவருக்கு. அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக்கில் வண்டிகளைப் பிழிந்து எடுப்பவர்களே கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டித்தான் உள்ளே வருகிறார்கள்.

லீனியா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதே டர்போவோடு. ஒன்பதாவது வளைவில் நிறுத்தினால் நான் இறங்குவதில்லை, இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். மகளும் அவள் அம்மாவும் இறங்கி ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான்கு டயர் என்பதால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இரண்டு சுற்று வரச் சொல்லியிருக்கிறேன்.