அம்மம்மாவின் கொடுப்பும் ஒரு சேலைன் செட்டும்

இறுதியாண்டு ஆய்வுக்கு நான் கேட்டது வேறு தலைப்பு. கிடைத்தது இது: வெற்றிலையோடு போடும் புகையிலையிலிருந்து வாய்க்குள் நிக்கொட்டின் என்ன வேகத்தில் வெளியேறுகிறது என்பதை ஆய்வுகூடத்தில் போலச் செய்து பார்ப்பது. மனிதர் வாயில் செய்வதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதக்கணக்கில் இழுபடும். ஆகவே கண்ணாடியில் ஒரு வாய் செய்யவேண்டும்.

முதல் முயற்சி வெகு சுலபம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய புகையிலையை நறுக்கி, 37 பாகைச் செயற்கை உமிழ்நீரில் போட்டு, காந்தக் கலக்கியில் சுற்றவிட்டேன். செயற்கை உமிழ்நீர் என்றால் பெரிய விஷயமில்லை; கறியுப்பு, பொற்றாசியம் குளோரைட்டு, கல்சியம் குளோரைட்டு, பொசுபேற்று, கொஞ்சம் அப்பச்சோடா. சில நிமிடத்திலேயே நிக்கொட்டின் அநேகமாக முழுதும் இறங்கிவிட்டது. வரைபைப் பார்த்த சேர், "இது வாயில்லை, தேத்தண்ணிக் கேத்தில்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டில், போனில் நேரம் குறித்தபடி அம்மம்மாவுக்கு முன்னால் குந்தியிருந்தேன். பல் இல்லாததால் பாக்கையும் வெற்றிலையையும் சின்ன உரலில் இடித்துத்தான் போடுவார். புகையிலையை அவர் சப்புவதே இல்லை. ஒரு துண்டைக் கிள்ளி இடப்பக்கக் கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டு, அது பாட்டுக்கு ஊறட்டும் என்று விட்டுவிடுகிறார். இடையிடையே படிக்கத்தில் துப்பல். கொஞ்ச நேரம் கழித்து விரல் நுனியில் சுண்ணாம்பு தொட்டு நாக்கில் வைக்கிறார்.

"ஏன் அம்மம்மா பிறகு வைக்கிறியள்?"

"சுண்ணாம்பு போடாட்டிப் பொயிலை ஏறாது பிள்ளை."

அதைக் கொப்பியில் எழுதினேன், ஆனால் அதன் அர்த்தம் எனக்குப் பிடிபட இரண்டு மாதம் எடுத்தது.

வாய்க்குள் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை. சொட்டுச் சொட்டாய் ஊறி, போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கென்று விற்கும் கருவி வாங்க எங்களிடம் காசில்லை. 20 மில்லிலீற்றர் சிரிஞ்சுக் குழாயின் அடியில் கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் புகையிலை, மேலே இன்னொரு பஞ்சு. உமிழ்நீர் வர ஒரு சேலைன் செட். அதில் 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 10 சொட்டு என்று திருகி வைத்தால் அரை மில்லிலீற்றர், சும்மா இருக்கும் வாயில் ஊறுவதைவிடச் சற்றுக் கூட. குழாயை 37 பாகை நீர்த்தொட்டியில் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு சோதனைக்குழாயை மாற்றினேன். இப்போது வரைபு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. இரண்டு தரம் கரண்ட் போய்த் தொட்டி ஆறிப்போனது, அதைச் சொல்லி வேலையில்லை.

கையுறை விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். ஒருநாள் கிழிந்த கையுறையோடு ஈரப் புகையிலையைப் பிழிந்து, மத்தியானம் முழுக்கத் தலைசுற்றலும் ஓங்காளமுமாகக் கிடந்தேன். நிக்கொட்டின் தோலாலேயே போகும். பனி ஈரத்தோடு புகையிலை முறிப்பவர்களுக்கு வருவதும் இதே வருத்தம்தான்.

நிக்கொட்டினை அளப்பது புற ஊதாக் கதிரில். அமிலக் கரைசலில் 260 நனோமீற்றரை ஒட்டி உறிஞ்சும். புகையிலை தனியே என்றால் பரவாயில்லை, பாக்கு சேர்ந்ததும் சிவப்புச் சாறு எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. சோடியம் ஐதரொட்சைட்டுப் போட்டுக் காரமாக்கி, ஈதருக்குள் இழுத்து, திரும்ப ஐதான அமிலத்துக்குள் எடுக்கவேண்டியிருந்தது. அவசரத்தில் பலமாகக் குலுக்கினேன். இரண்டு படையும் பிரியாமல் மோர் மாதிரி நின்றது. அடுத்த நாளிலிருந்து குலுக்கவில்லை, மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினேன். புகையிலை இல்லாத வெறும் வெற்றிலைக் கூட்டையும் இதே வழியில் ஓட்டி, அதில் வந்த அளவைக் கழித்தேன்.

அப்புறம்தான் பெரிய ஏமாற்றம். சுண்ணாம்பு போட்டாலும் போடாவிட்டாலும் வெளியேறும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கோ பிழைவிட்டேன் என்று மூன்று தரம் திரும்பச் செய்தேன். பிழை கேள்வியில். நிக்கொட்டின் எப்படியும் நீரில் கரைந்து இலையைவிட்டு வந்துவிடும். கன்னத் தோலைக் கடந்து இரத்தத்துக்குப் போவதுதான் வேறு கதை. அதற்கு மின்னேற்றம் இல்லாத வடிவம் வேண்டும். காரம் கூடக் கூட அது கூடும். காரத்தைக் காட்டும் பிஎச் எண் 7இல் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகத்தான் அந்த வடிவம், 8இல் ஏறத்தாழப் பாதி, 9இல் தொண்ணூறளவு. என் குழாயில் சுண்ணாம்பு விழுந்ததும் பிஎச் மானி 9ஐத் தாண்டியிருந்தது. வெளியேறுவதும் ஏறுவதும் ஒன்றல்ல என்பதை அம்மம்மா எனக்கு முதலே சொல்லிவிட்டார்.

ஆய்வறிக்கையில் இரண்டு வரைபு போட்டேன்: வெளியேறிய அளவு ஒன்று, அதில் ஏறக்கூடிய பங்கு மற்றது. வாய்மொழிப் பரீட்சையில் கேள்வி எல்லாம் இரண்டாவதில்தான் வந்தது.

நேரம் குறித்துக்கொண்டிருந்த அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. புகையிலை ஒதுக்கும் இடத்தில் கொடுப்பு வெளிறிச் சுருங்கியிருந்தது. பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். புகையிலையை விட்டுவிட்டார், ஆனால் பாக்கை விடச் சொன்னால் இன்னும் கோபம் வருகிறது.