"கணக்கு வராது" என்ற ஒரு வரி: குரூப் 4, மூன்றாவது முயற்சி

தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வின் ரிசல்ட் வந்து பத்து நாள் ஆகிறது. சான்றிதழ் பதிவேற்றப் பட்டியலில் என் எண் இருக்கிறது. 2022, 2024 இரண்டு முறையும் கட்ஆஃபுக்குக் கீழே நின்றவள் நான். என்ன படித்தாய் என்று கேட்பவர்களுக்கு: ஆறிலிருந்து பத்து வரை பள்ளிப் புத்தகம், பழைய வினாத்தாள். மூன்று முறையும் இதேதான். இந்த முறை மாறியது வேறு, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வுத் தாளைக் கொடுக்கும்போது கணக்கு டீச்சர், "உனக்குக் கணக்கு வராதும்மா, மத்த பாடத்துலயாவது மார்க் எடுக்கப் பாரு" என்றார். திட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதனாலேயே அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. பதினொன்றில் வணிகவியல் இடம் கிடைத்தும் வரலாறு குரூப் எடுத்தேன். பட்டம் முடித்ததும் தோழிகள் வங்கித் தேர்வு எழுதினார்கள், நான் விண்ணப்பமே போடவில்லை. ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடக் கூப்பிட்டார்கள். சேலை எடுத்துக் காட்டும் வேலையே போதும் என்றேன், மாதம் இரண்டாயிரம் குறைவு என்று தெரிந்தும். எல்லாமே நானாக யோசித்து எடுத்த முடிவு என்றுதான் அப்போது நினைத்தேன்.

2022இல் கணக்கில் 25க்கு 9. 2024இல் 11. இரண்டு முறையும் அந்த 25 கேள்விகளைக் கடைசி இருபது நிமிடத்துக்குத் தள்ளிவைத்து, ஏதோ ஒரு வட்டத்தை ஷேட் செய்துவிட்டு வந்தேன்.

இத்தனைக்கும் அம்மா இருக்கும் மகளிர் குழுவுக்கு ஆறு வருடமாக நோட்டு எழுதுவது நான்தான். பன்னிரண்டு பேருடைய சேமிப்பு, கடன், நூற்றுக்கு இரண்டு வட்டி, யார் எவ்வளவு அசல் கட்டினார், மீதி அசலுக்கு அடுத்த மாதம் என்ன வரும், எல்லாம் என் கையெழுத்து. 2024 ரிசல்ட் வந்த வாரம் குழுக் கூட்டத்தில், "கணக்குதான் பெரியம்மா, காலை வாரிடுச்சு" என்றேன். குழுத் தலைவியாக இருக்கும் பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டி, போன மாசம் நான் மூவாயிரம் அசல் கட்டிட்டேன்னு வட்டியில அறுபது ரூபா குறைச்சுப் போட்டியே, அதுக்குப் பேரு என்ன?"

என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி, முன்பு எழுதிய மாதிரித் தேர்வுத் தாள் ஒன்றை எடுத்தேன். 5000 ரூபாய், 8 சதவீதம், 2 ஆண்டு, தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் என்ன? படித்துக்கூடப் பார்க்காமல் விட்டிருந்த கேள்வி. குழு நோட்டில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். முதல் வருட வட்டி 400. கூட்டுவட்டி என்றால் இரண்டாம் வருடம் அந்த 400க்கும் வட்டி உண்டு, அது 32. வித்தியாசம் அந்த 32தான். சூத்திரமே தேவைப்படவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேனாவை வைத்துவிட்டு அழுதேன். அது சந்தோஷ அழுகை இல்லை. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவம்தான் கண் முன்னால் வந்து நின்றது.

அடுத்த நாளிலிருந்து செய்த ஒரே புது விஷயம் இது. எல்லோரும் தவறாகப் போன கேள்விக்குப் பக்கத்தில் சரியான விடையை எழுதி வைப்பார்கள். நான் அந்தக் கேள்வியைப் பார்த்த நொடியில் மனசில் என்ன ஓடியது என்பதை எழுதினேன், ஓடிய சொற்களிலேயே. நாலு மாதிரித் தேர்வு முடிந்து நோட்டைப் புரட்டினால், பக்கம் பக்கமாக நாலே நாலு வரிகள் திரும்பத் திரும்ப இருந்தன:

- கணக்கா, அப்புறம் பார்க்கலாம்.
- இது எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு. (உடனே அதை ஷேட் செய்துவிடுவேன், மற்ற மூன்றையும் படிக்க மாட்டேன்.)
- இவ்வளவு சுலபமா கேட்க மாட்டாங்க.
- போச்சு.

மூன்றாவது வரியால் போன மதிப்பெண்ணைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரிந்த விடையையே சந்தேகப்பட்டு வேறொன்றுக்குப் போயிருக்கிறேன். யோசித்தால், நல்லதாக எது வந்தாலும் அப்படித்தான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன், அந்த பில் போடும் வேலை உட்பட.

பின்னால் நூலகத்தில் ஓர் உளவியல் புத்தகத்தில் ஆரோன் பெக் பற்றிப் படித்தேன். அமெரிக்க மனநல மருத்துவர். 1960களில் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்தபோது, நோயாளிகளின் மனதில் தங்களைப் பற்றிய கசப்பான வரிகள் அவர்கள் கூப்பிடாமலே மின்னல் மாதிரி வந்து போவதைக் கவனித்திருக்கிறார். தானாக எழும் எண்ணங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவர் உருவாக்கிய சிகிச்சையில் அந்த எண்ணங்களைத் தாளில் எழுத வைக்கிறார்கள், பிறகு அது உண்மையா என்று ஆதாரம் கேட்கிறார்கள். எனக்கு ஆதாரம் கேட்டது பெரியம்மா.

2025 ஜூலை 12. கணக்கை முதலில் எடுத்தேன், 45 நிமிடம். அப்புறம் தமிழ். வெளியே வந்ததும் எல்லோரும் புலம்பினார்களே, அதே தமிழ்தான். பத்துக் கேள்விக்குள் "போச்சு" வந்துவிட்டது, உள்ளங்கை வியர்த்தது. ஆனால் அது நோட்டில் நாற்பது தடவையாவது என் கையால் எழுதிய சொல். அதன் முகம் எனக்குத் தெரியும். பேனாவைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்து, அடுத்த கேள்விக்குப் போனேன். வராமல் தடுக்க முடியவில்லை, வந்தபின் அது சொன்னபடி ஆடவில்லை. கணக்கில் இந்த முறை 22.

இனி, எனக்கு உதவியவை. உங்களுக்கு ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

- எந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளுகிறீர்களோ அதை முதல் மணி நேரத்தில் எடுங்கள்.
- "விடை தெரியவில்லை" என்ற ஐந்தாவது வட்டத்தை மறந்துவிடுங்கள். நெகட்டிவ் மார்க் இல்லாத தேர்வு இது.
- மாற்றத் தோன்றினால் புதுக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். பயம் மட்டும்தான் என்றால் முதல் விடையிலேயே நில்லுங்கள். ஓஎம்ஆர் விடைத்தாளில் ஷேட் செய்தபின் மாற்றவும் முடியாது, அதனால் இதைக் கேள்வியைப் படிக்கும்போதே செய்ய வேண்டும்.
- குழுவாகப் படிப்பது எனக்குச் சரிப்படவில்லை. நான் போன பயிற்சி மையத்தில் வாராவாரம் ரேங்க் பட்டியல் ஒட்டினார்கள். அதைப் பார்த்த நாளெல்லாம் படிப்பு ஓடாது. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டேன்.
- தேர்வாணையத்தின் உத்தேச விடை வந்ததும் மார்க் கூட்டிக்கொண்டு இருக்காதீர்கள். நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

கடைசியாக, தமிழ்வழிச் சான்றிதழ், அதாவது தமிழ்வழியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீட்டுக்குக் காட்ட வேண்டியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை, எத்தனை பள்ளியில் படித்தீர்களோ அத்தனை இடத்திலும் வாங்க வேண்டும். எனக்கு மூன்று பள்ளி. 2022லும் 2024லும் "பாஸ் ஆனா பார்த்துக்கலாம்" என்று வாங்காமலே தேர்வு எழுதினேன். அதுவும் நோட்டில் ஏற வேண்டிய வரிதான் என்று அப்போது தெரியவில்லை. இந்த முறை மே மாதமே, தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மூன்று தலைமையாசிரியர்களிடமும் போய்க் கையெழுத்து வாங்கி வந்து பீரோவில் வைத்தேன்.