பொத்தானில் ஆடும் சர்க்கஸ்

புதிய ஃபேஷன் தொகுப்பின் படங்கள் வந்ததும் நான் முதலில் தேடுவது பொத்தான்களைத்தான். நிறம், துணி, மாடலின் நடை எல்லாம் அப்புறம். இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி.

1938 கோடைக்காக அவர் பாரிசில் காட்டிய சர்க்கஸ் தொகுப்பில் ஓர் இளஞ்சிவப்புப் பட்டு மேற்சட்டை உண்டு. துணி முழுக்கக் குதிரைகள் துள்ளுகின்றன. பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில், உலோகத்தில் வார்த்து வண்ணம் பூசிய சர்க்கஸ் வித்தைக்காரர்கள் அந்தரத்தில் பாய்கிறார்கள். அந்தச் சட்டையின் கோட்டுருவத்தை மட்டும் நோட்டில் வரைந்து பார்த்தேன். கச்சிதமான, கறாரான வெட்டு! எந்தக் கண்டிப்பான விருந்துக்கும் போட்டுக்கொண்டு போகலாம். அதனால்தான் அந்தக் குட்டி மனிதர்களின் குதியாட்டம் இவ்வளவு எடுபடுகிறது. தையல் தொளதொளவென்று இருந்திருந்தால் அது வெறும் மாறுவேடம்.

அதே ஆண்டு இலையுதிர்காலத்துக்கு அவர் செய்த கழுத்தணி இன்னும் துணிச்சல். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பட்டை, அதன்மேல் வண்ண உலோகப் பூச்சிகள். அணிந்தால் பட்டை கண்ணுக்குத் தெரியாது; வண்டுகள் தோல்மேலேயே ஊர்வதுபோல் இருக்கும். அடுத்து வந்த குளிர்காலத்துக்கு ராசி மண்டலம், 1939 வசந்தத்துக்கு இத்தாலிய முகமூடி நாடகம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கதை என்று அவர் பிடிவாதமாக நடத்தியதை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

பருவக் கணக்கே ஒரு வேடிக்கைதான். வசந்த-கோடை ஆடைகளைச் செப்டம்பர், அக்டோபரில் காட்டுவார்கள். குளிர்கால ஆடைகளைப் பிப்ரவரி, மார்ச்சில். வடிவமைப்பாளர் எப்போதும் ஆறு மாதம் முன்னால் வாழ்கிறார்.

2023 வசந்த-கோடைக்கு லோவே என்ற ஸ்பானிய ஃபேஷன் நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஜோனதன் ஆண்டர்சன் செய்ததைப் பாருங்கள். இதய வடிவில் மெழுகுபோல் பளபளக்கும் ஆந்தூரியம் பூவையே மார்புக் கவசமாக்கினார். கூடவே, பழைய வீடியோ கேமிலிருந்து இறங்கி வந்ததுபோல் ஓரமெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்த சட்டைகள், கால்சட்டைகள். முதலில் அவை கணினியில் திருத்திய படங்கள் என்றே தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால், நிஜமான துணியே அப்படிப் படிப்படியாக நிற்பது தெரியும். துணி இயல்பாக வளையவும் தொங்கவும் ஆசைப்படும் பொருள். அதைச் சதுரமாக நிறுத்த எவ்வளவு உழைத்திருப்பார்கள்!

குறும்புக்கு ஏற்றது குளிர்காலம் என்பது என் கட்சி. மேலே சொன்ன சர்க்கஸ், ஆந்தூரியம் போன்ற விதிவிலக்குகளை விட்டால், கோடையில் அச்சுத் துணியைத் தாண்டி அதிகம் செய்ய இடமில்லை. கனமான கோட்டுதான் எதையும் தாங்கும். 1988-89 குளிர்காலத்துக்கு பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழான்-சார்ல் தெ காஸ்டெல்பஜாக் டெடி கரடி பொம்மைகளையே வரிசையாக அடுக்கி ஒரு கோட்டு செய்தார். அது வெதுவெதுப்பாகவும் இருந்திருக்கும். குளிர்காலத்தில் கரடியைக் கட்டிக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்காது?

கார்ட்டூன் படத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து அதையும் விளையாட்டான தொகுப்பு என்று விற்பது மட்டும் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. எந்தப் படமும் எந்தச் சட்டையிலும் ஏறிவிடும். வெட்டு, மடிப்பு, காலர், பொத்தான் இவற்றில் ஏதாவது ஒன்றாவது அந்த விளையாட்டில் சேர வேண்டாமா? வரப்போகும் குளிர்காலத் தொகுப்புகளிலும் அதைத்தான் தேடப்போகிறேன்.