நியூ ஹாம்ப்ஷயரில் போர்வெல் தண்ணீரோடு ஒரு வீடு

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், நாஷுவா நகரில் வாடகை ஏறிக்கொண்டே போனதால்தான் பீட்டர்பரோவைத் தாண்டிச் சின்ன ஊர்களில் வீடு தேட ஆரம்பித்தோம். மரம், அமைதி எல்லாம் அப்புறம் பிடித்துப்போனவை.

2024 ஆகஸ்டிலிருந்து, ஏஜென்ட்டுடன் வீடு பார்க்கப் போவதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். கமிஷன் எவ்வளவு என்பதை அப்போதே பேசிவிடுங்கள். பேங்க் வேலைகள் எல்லா ஊரிலும் போலத்தான்.

முதலில் மனதுக்குப் பிடித்த வீடு 'கிளாஸ் 6' சாலையில் இருந்தது. இந்த மாநிலத்தில் அந்த வகைச் சாலையை டவுன், அதாவது ஊர் நிர்வாகம், பராமரிக்காது, பனியும் தள்ளாது. கடன் கொடுப்பவரும் இழுத்தார். விட்டுவிட்டோம். எந்தச் சாலை எந்த வகை என்று டவுன் ஆபீஸில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது வீட்டில் தண்ணீர்தான் பிரச்சினை. இங்கே பைப் லைன் கிடையாது, கிரானைட் பாறையைத் துளைத்த போர்வெல்தான். பாறையிலிருந்து ஆர்சனிக் என்ற நச்சு கலக்கும். நிறமும் இருக்காது, ருசியும் தெரியாது. மாநில வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், 2021இல்தான் 10லிருந்து குறைத்தார்கள். எங்கள் லேப் ரிப்போர்ட்டில் அதைவிட அதிகம். "காய்ச்சிக் குடித்தால் போகாதா?" என்று போனில் அம்மா கேட்டார். போகாது; தண்ணீர் வற்ற வற்ற ஆர்சனிக் இன்னும் அடர்த்தியாகும். குளிக்க, துவைக்கப் பயமில்லை என்பதால், குடிக்கவும் சோறு வடிக்கவும் மட்டும் சிங்குக்கு அடியில் ஆர்.ஓ. போதும் என்றார்கள். அந்தச் செலவை விற்பவர் விலையில் கழித்துக்கொண்டார்.

செப்டிக் டேங்க்கை மூடி திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சில வருடத்துக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்ச வேண்டும். வடை சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றும் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

குடிவந்த பிறகு தெரிந்தது, கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, தண்ணீரும் வராது என்பது. புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் பக்கெட்டுகளை நிரப்புகிறோம். குப்பையை நாமே காரில் ஏற்றி டவுன் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். கறிவேப்பிலைக்கு நாஷுவா, பெரிய கோயில் என்றால் மாசசூசெட்ஸின் ஆஷ்லாண்ட்.

இதெல்லாம் வண்டி ஓட்டுபவர்களுக்குச் சரி. திருச்சியிலிருந்து வந்து தங்கிய அம்மாதான் தவித்துப்போனார். அங்கே தெருமுனைக் கடைக்கும் கோயிலுக்கும் தானே நடந்து போனவர், இங்கே நாங்கள் வேலை முடிந்து வரும்வரை ஜன்னலோரம்தான். பஸ் இல்லை, நடைபாதை இல்லை. பெற்றோர் வந்து தங்குவார்கள் என்றால், வீட்டு விலைக்கு முன் இதை யோசியுங்கள்.

சம்பளத்துக்கு மாநில வரி இல்லை, சேல்ஸ் டாக்ஸும் இல்லை. அதற்கெல்லாம் சேர்த்து வீட்டு வரியில் தீட்டிவிடுகிறார்கள். அந்த வரிப் பணத்துக்கான டவுன் பட்ஜெட்டை டவுன் மீட்டிங்கில் ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். கிரீன் கார்டுக்காரர்களான எங்களுக்கு வரி மட்டும்தான், ஓட்டு கிடையாது.