எந்தச் சில்க்கிச் சேவலை வைத்துக்கொள்வது? – நாட்குறிப்பு

செப்டம்பர் 22, 2024

சில்க்கி என்பது பஞ்சு மாதிரி இறகும் கறுப்புத் தோலும் உள்ள கோழி இனம். மார்ச் கடைசியில் பொரித்த சில்க்கிக் குஞ்சுகளில் மூன்று சேவல் என்பது இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. நாட்டுக்கோழியில் இரண்டு மாதத்திலேயே ஓரளவு சொல்லிவிடலாம். சில்க்கியில் ஐந்தாறு மாதம் பொறுக்க வேண்டியிருக்கிறது. தலைக்குஞ்சத்தில் நீண்ட இழைகள் பின்பக்கமாக வழிகின்றன, கொண்டை அகலமாகிறது, அப்புறம் ஒரு விடிகாலையில் கூவல் கேட்கிறது.

ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, ஒன்று நீலச்சாம்பல். என்னிடம் இருக்கும் பெட்டைகள் ஐந்து: கறுப்பு மூன்று, நீலம் ஒன்று, வெள்ளையில் நீலத் தீற்றல் விழுந்த ஸ்பிளாஷ் ஒன்று. ஒரு சேவலுக்கு இது நல்ல கணக்கு. மூன்று சேவலையும் சேர்த்து விட்டால் பெட்டைகளின் முதுகு மொட்டையாகிவிடும். குஞ்சுகள் வெளியூரிலிருந்து வாங்கிய முட்டையில் பொரித்தவை, அதனால் உறவுக் கலப்பு பற்றிக் கவலையில்லை.

இன்று மூன்றையும் பெட்டைகளிடமிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் விட்டேன். பெட்டையின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு, மூன்று வாரம் கூட உயிரோடு இருக்கும். அந்த இடைவெளி விடாமல் எடுத்த முட்டையில் எது யாருடைய குஞ்சு என்று சத்தியம் செய்ய முடியாது.

செப்டம்பர் 29

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளையைத்தான் காட்டுகிறார்கள். குஞ்சம் கண்ணை மறைக்கிற அளவு பெரியது, உடம்பும் பஞ்சுப் பொதி மாதிரி இருக்கிறது. அத்தை மட்டும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தலையில என்ன கண்ணு இருக்கு, காலையும் நெஞ்செலும்பையும் தொட்டுப் பாரு" என்றார். ஐம்பது வருடம் நாட்டுக்கோழி வளர்த்த கை அது. நான் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

கால்கள்: மூன்றுக்கும் ஐந்து விரல். ஐந்தாவது விரல் மற்றதோடு ஒட்டாமல், தனியாக மேல்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் அப்படியே இருக்கிறது. கறுப்புக்கும் குறையில்லை.

இறக்கையில்தான் வித்தியாசம் வந்தது. விரித்துப் பார்த்தால் கறுப்பனின் இடது இறக்கையில், முன்னிறகுகளுக்கும் பின்னிறகுகளுக்கும் நடுவே ஒரு வெற்றிடம். மடக்கினால் தெரியாது. ஆனால் இந்தப் பிளவு இறக்கை பரம்பரையாக இறங்கும் குறை. தோல் கறுப்பில் மூன்றிலும் இவன்தான் முதல், குணமும் சாது. எனக்கு மனசே இல்லை. என்றாலும் ஒரு பெட்டையின் குறை அவள் குஞ்சுகளோடு நின்றுவிடும், சேவலின் குறையோ கொட்டகை முழுக்கப் பரவும்.

அக்டோபர் 6

வெள்ளை இன்று பாப்பாவின் காலைக் கொத்தினான். தீவனத் தட்டோடு போனவளைப் பக்கவாட்டில் நடந்து வந்து பாய்ந்தான். இளவயதுத் திமிர் என்று சிலர் சொல்வார்கள். சில்க்கியைக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் வளர்ப்பதே அதன் சாதுக் குணத்துக்காக. குணமும் ஓரளவு பிள்ளைக்கு இறங்கும் என்பது கோழி வளர்த்த எல்லோருக்கும் தெரியும்.

நிறத்திலும் அவன் பொருந்தவில்லை. சில்க்கியின் வெள்ளை பெரும்பாலும் ஒடுங்கு குணம், அதாவது தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். என் கறுப்புப் பெட்டைகளோடு சேர்த்தால் குஞ்சுகள் வெள்ளையாக வராது, அந்த வெள்ளைக்கு அடியில் என்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியாது. நீலத்தில் கணக்கு தெளிவு. நீலமும் கறுப்பும் சேர்ந்தால் சராசரியாகப் பாதி நீலம், பாதி கறுப்பு. நீலமும் ஸ்பிளாஷும் என்றால் பாதி நீலம், பாதி ஸ்பிளாஷ். நீலத்தோடு நீலம் சேர்ந்தால் நாலில் ஒன்று கறுப்பு, இரண்டு நீலம், ஒன்று ஸ்பிளாஷ்.

அக்டோபர் 13

நீலத்தைப் பெட்டைகளோடு விட்டேன். குஞ்சம் சிறியது என்பதுதான் அவன் குறை. என் பெட்டைகளுக்கு அது நிறையவே இருப்பதால் ஈடுகட்டும். கண்ணும் நன்றாகத் தெரிகிறது, பருந்து நிழல் விழுந்ததும் முதலில் குரல் கொடுத்தவன் அவன்தான். கறையான் போட்டால் தான் தின்னாமல் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிடுகிறான். இந்தச் சேவலைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

விடும் முன் அவனுக்கும் பெட்டைகளுக்கும் பின்பக்கத் துவாரத்தைச் சுற்றியுள்ள பஞ்சைக் கத்தரித்தேன். சில்க்கியில் கூமுட்டை அதிகமாவதற்கு இந்த அடர்த்தியும் ஒரு காரணம்.

அக்டோபர் 20

மழை. சில்க்கி இறகின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நுண்கொக்கிகள் கிடையாது. தண்ணீர் வழிந்து ஓடாமல் தோல் வரை இறங்கிவிடும். கொட்டகையை விட்டு எதையும் வெளியே விடவில்லை. கால் இறகில் சேறு ஒட்டாமல் தரையில் உமி பரப்பினேன். இன்றிலிருந்து எடுக்கும் முட்டைகளைத் தேதி எழுதிச் சேர்க்கிறேன்.

அக்டோபர் 27

முட்டைகளை அடைக்கு வைத்தாயிற்று.

வெள்ளையை வெள்ளைப் பெட்டைகள் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தேன். கொத்துவான் என்று சொல்லித்தான் கொடுத்தேன், அவர் வீட்டில் சின்னக் குழந்தைகள் இல்லை. கறுப்பனை அடுத்த தெரு அண்ணன் தன் நாட்டுக்கோழிகளோடு விடக் கேட்டார். பஞ்சு இறகும் ஒடுங்கு குணம்தான். முதல் தலைமுறைக் குஞ்சுகளுக்கெல்லாம் சாதாரண இறகே வரும், அவற்றுக்குள் சேர்த்தால்தான் நாலில் ஒன்று பஞ்சோடு வரும் என்று விளக்கினேன். "இறகு கெடக்குதுங்க, அடை நல்லாப் படுத்தாப் போதும்" என்றார். அந்த விஷயத்தில் சில்க்கியை மிஞ்ச ஆள் கிடையாது. சந்தோஷமாகக் கொடுத்தேன்.

நவம்பர் 3

இரவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்று கூமுட்டை, மற்றதிலெல்லாம் நரம்பு ஓடுகிறது. 17ஆம் தேதி வாக்கில் பொரிக்க வேண்டும். பொரித்ததும் விரல்களை எண்ணிவிடலாம். மண்டைக்குமிழ் எழும்பிய குஞ்சுகளை மற்றவை கொத்தாமல் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த இடத்தில் மண்டையோடு முழுமையாக மூடியிருக்காது. இறக்கையைப் பற்றிச் சொல்லத் தை மாதமாவது ஆகும்.