பச்சை பட்டனை நம்பாதீங்க

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் யாருடைய லேப்டாப் படுத்தாலும் என்னிடம்தான் வரும். இந்த முறை மேல்வீட்டு மாமாவுடையது. வீடியோ பார்க்க விஎல்சி என்ற இலவச மென்பொருளை இறக்கப் போனவருக்குப் பெயர் தெரியாத தேடுபொறி, "உங்கள் கணினியில் வைரஸ்" என்று மிரட்டும் பெட்டி எல்லாம் ஓசியில் வந்து சேர்ந்திருந்தது. "டவுன்லோடுன்னு போட்டிருந்துச்சுப்பா, அழுத்தினேன்" என்கிறார். அதில் என்ன தப்பு? அந்தப் பக்கத்தைத் திறந்தால் பெரிய பெரிய பச்சை பட்டன்கள், அத்தனையும் விளம்பரம். நிஜ லிங்க் எங்கோ கீழே, வெளிறிய சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

பெரிய தளங்களும் யோக்கியம் இல்லை. மென்பொருள்களை இறக்கித் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இப்படிக் குழப்பும் விளம்பரங்கள் வந்தன என்பதும் ஒரு காரணமாகத்தான் 2013-ல் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளின் குழு தன் விண்டோஸ் பதிப்பை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. 2016-ல் போலி டவுன்லோட் பட்டன் உள்ள பக்கங்களுக்கு எச்சரிக்கை காட்டப்போவதாகக் கூகுள் அறிவித்தது (விளம்பரத்தில் சம்பாதிப்பதும் அவர்கள்தான், அது தனிக் கதை). நம் நாட்டிலும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்த 13 தந்திரங்களில் விளம்பரத்தை வேறு ஏதோ போலக் காட்டுவதும் ஒன்று. சட்டம் இருக்கிறது, சரி, பட்டனும் அப்படியே இருக்கிறதே!

அழுத்துவதற்கு முன் மவுஸை பட்டன் மேல் வையுங்கள், பிரவுசரின் கீழ் மூலையில் முகவரி தெரியும். சம்பந்தமில்லாத பெயர் வந்தால் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டு, மென்பொருளை உருவாக்கியவர்களின் தளத்துக்கே போங்கள். விஎல்சிக்கு அது வீடியோலேன்.