விரலில் பட்ட பந்து

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் வாலிபால் மைதானம் சரிவை வெட்டிச் சமன் செய்த துண்டு நிலம். ஒரு பக்கம் பள்ளிச் சுவர், மறுபக்கம் தேயிலை. பந்து எல்லை தாண்டினால் உருண்டு கீழே போய்விடும். அதைப் பிடிக்கவே சரிவில் ஒரு பையனை நிறுத்தி வைப்போம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பல நாள் வலையே கட்ட முடியாது.

இப்படி ஓர் இடத்தில் சாக்குச் சொல்லப் பழகுவது ரொம்பச் சுலபம். ஒருமுறை மேட்டுப்பாளையத்துக்கு நட்பு ஆட்டம் ஆடப் போயிருந்தோம். இங்கே காற்றடித்த பந்தையே எடுத்துப் போனோம். அங்கே போய்ப் பார்த்தால் பந்து தொய்ந்து கிடந்தது. "பஞ்சர் சார்" என்றார்கள். பஞ்சர் இல்லை. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். கீழே இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் கூடும், மலையில் அடித்த காற்று அங்கே போதாது. காற்றின் அடர்த்தியும் அங்கே அதிகம் என்பதால் பந்து சீக்கிரமே வேகம் இழக்கும். மறுபடி காற்றடித்த பிறகும் முதல் செட்டில் எங்கள் சர்வீஸ் பாதி வலையில்தான் விழுந்தது. பையன்கள் பந்தைத் திட்டினார்கள். ஒருவன் மட்டும் ஒன்றும் பேசாமல் கொஞ்சம் உயர்த்தி, ஓங்கி அடித்துப் பார்த்தான். இரண்டாவது செட்டில் அவன் சர்வீஸ் மட்டும் தவறவில்லை.

2021 டோக்கியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு மழையில் உயரம் தாண்டினார். பாதிக்கப்பட்ட வலது காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து தொந்தரவு கொடுத்ததைப் பிறகு அவரே சொன்னார். அப்படியும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். 2024இல் பாரிஸில் வெண்கலம். மழை பெய்ததை அவர் மறைக்கவில்லை, மழை வந்ததென்று நின்றுவிடவும் இல்லை. நல்ல மனப்பான்மை என்று பிள்ளைகளிடம் நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் எனக்கே அது எவ்வளவு குறைவாக இருந்தது என்பது மேட்டுப்பாளையம் போய்வந்த அடுத்த ஆண்டுப் போட்டியில் தெரிந்தது. மூன்றாவது செட், 13க்கு 13. எதிரணி அடித்த பந்து வெளியே விழுந்தது. நடுவர் எங்களுக்குப் புள்ளி கொடுத்தார். மேட்டுப்பாளையத்தில் சர்வீஸ் போட்டானே, அதே பையன் கையைத் தூக்கினான். "சார், என் விரல்ல பட்டுச்சு." வலையோரம் கை தூக்கி பிளாக் செய்தபோது நுனிவிரல் உரசியிருக்கிறது. எங்கள் விரலில் பட்டு வெளியே போனால் புள்ளி எதிரணிக்கு. யாரும் பார்க்கவில்லை. நடுவர் புள்ளியை மாற்றினார். 13க்கு 15இல் தோற்றோம்.

எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். "உன்னை யாருடா கேட்டா?" என்றேன். அந்தச் சொல்லை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. திரும்பும் பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்க அதில் என்ன இருந்தது?

மறுவாரம் பயிற்சியில் ஒன்றைக் கவனித்தேன். வழக்கமாக "பட்டது, படலை" என்ற சண்டையிலேயே பாதி நேரம் ஓடிவிடும். அன்று மற்றவர்களும் தாமாகவே கையைத் தூக்கினார்கள். நான் இத்தனை வருடம் விசில் ஊதியும் நடக்காதது அது. அன்று மாலையே அணியை நிற்கவைத்து, திட்டியது என் தப்பு என்று அவனிடம் சொன்னேன். அவன் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் அம்மா கொழுந்து பறிப்பவர். அவன் இப்போது ஓர் இடத்தில் பசுந்தேயிலை எடை போடுகிறான். போன மாதம் அந்த வழியாக வந்தேன். மழையில் நனைந்த இலை. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று எப்போதும் வாக்குவாதம் நடக்கும் நேரம். அவன் தராசின் எண் தெரியும் பக்கத்தை ஒரு வயதான அம்மாவின் பக்கம் திருப்பி வைத்து, "பாருங்க பாட்டி" என்று வாசித்துக் காட்டினான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"சார், இன்னும் பந்து தேயிலைக்குள்ள போகுதா?"

"தினமும் போகுதுடா" என்றேன்.